கறிவேப்பிலையின் பெயரில் வாழும் தாவரவியலாளர் கோனிக்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கறிவேப்பிலை இல்லாத வளவைக் காண்பது அரிது. கிணற்றடியிலோ, குசினியின் பின்புறத்திலோ, நீர் வழிந்தோடும் வாய்க்கால் ஓரத்திலோ ஒரு கறிவேப்பிலை நின்றுகொண்டிருக்கும். சொதியாயினும் சம்பலாயினும் மீன்குழம்பாயினும் அதன் இலை இன்றிச் சமையல் நிறைவுபெறுவதில்லை. தமிழர் இல்லத்திலும் முஸ்லிம்களின் இல்லத்திலும் ஒரே விதமாக மணக்கும் இலை அது. இத்தகைய ஒரு மரத்துக்கு உலகத் தாவரவியலாளர் வழங்கிவரும் அறிவியற் பெயர் 'முராயா கோனிகி' என்பதாகும். இப்பெயரின் பிற்பகுதியில் ஒரு மனிதர் இருக்கின்றார். அவர் பெயர் யொஹான் கெரார்ட் கோனிக். தமது வாழ்வின் கடைசிப் பதினேழு ஆண்டுகளையும் தமிழகக் கரையையும் அதனைச் சூழ்ந்த நாடுகளையும் ஆராய்வதிற் செலவிட்ட அவரைப் பற்றி எம்மிற் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. உயிரினங்களுக்கு அறிவியலாளர் எவ்வாறு பெயரிடுகின்றனர், அப்பெயர்களில் யாருடைய அறிவு பதிவாகின்றது, யாருடைய அறிவு விடுபட்டுப் போகின்றது என்பவற்றை அறிந்துகொள்ள அவரது வாழ்க்கை நல்லதொரு வாயிலாகும்.

கோனிக் 1728 நவம்பர் 29 ஆம் திகதி பால்டிக் கடலை அண்டிய லிவோனியாவிற் பிறந்தார். அவ்விடம் இன்றைய லத்வியா நாட்டினுள் அடங்குகின்றது. ஜேர்மன் மொழி பேசும் குடும்பத்தைச் சேர்ந்த அவர், இளமையில் மருந்து தயாரிக்கும் தொழிலைப் பயின்றார். அக்காலத்தில் மருந்து என்பது பெரும்பாலும் மூலிகையே. எனவே மருந்தாளர் ஒருவர் தாவரங்களை ஐயந்திரிபற இனங்காணத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். தவறான செடியைப் பிடுங்கி அரைத்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. இந்தத் தேவையே அவரைத் தாவரவியலின் பக்கம் திருப்பியது எனலாம். 1757 இல் அவர் சுவீடனின் உப்சாலா நகரில் கார்ல் லின்னேயஸ் என்னும் பேரறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

லின்னேயஸ் செய்த பணியை விளங்கிக்கொள்ள எமது ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். நாம் பப்பாசி என்பதைத் தமிழகத்தார் பப்பாளி என்கின்றனர். அவர்கள் கரிசலாங்கண்ணி என்பதை எமது வைத்தியர்கள் கையாந்தகரை என்பர். அவர்களது கீழாநெல்லி எமக்குக் கீழ்க்காய்நெல்லி. வசம்பையோ பெயர் சொல்லா மருந்து என்றே எமது மூத்தோர் அழைத்தனர். ஒரே மொழிக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்குமாயின், சிங்களம், அரபு, பாரசீகம், ஐரோப்பிய மொழிகள் என்று விரியும்போது ஏற்படும் குழப்பத்தைச் சொல்லவேண்டியதில்லை. லின்னேயஸுக்கு முன்னர் ஐரோப்பிய அறிஞர்கள் ஒவ்வொரு தாவரத்துக்கும் அதன் இலை, பூ, காய் ஆகியவற்றை விவரிக்கும் நீண்ட இலத்தீன் வாசகத்தையே பெயராக வைத்திருந்தனர். புதிதாக ஒரு தாவரம் கண்டறியப்படும் போதெல்லாம் அவ்வாசகம் மேலும் நீண்டது.

1753 இல் வெளியான தமது நூலில் லின்னேயஸ் இதற்கொரு முடிவு கண்டார். ஒவ்வொரு தாவரத்துக்கும் இரண்டு சொற்கள் போதும் என்றார். முதலாவது சொல் அத்தாவரம் சேர்ந்த பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது அந்த இனத்தைக் குறிக்கும். எமது பனைக்கு 'பொராசஸ் பிளாபெலிபர்' என்று அவர் பெயரிட்டதும் அந்நூலிலேயே. 1758 இல் விலங்குகளுக்கும் இதே முறையைப் பரவலாக்கினார். பூவில் உள்ள மகரந்தக் கேசரங்களை எண்ணித் தாவரங்களை வகுப்புகளாகப் பிரிக்கும் எளிய முறையொன்றையும் அவர் வகுத்திருந்தார். காட்டிலோ வயல் வரம்பிலோ நின்றவாறே ஒரு மாணவர் பூவை விரித்து எண்ணி, அச்செடி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று கூறிவிட முடிந்தது.

இலங்கைக்கும் லின்னேயஸுக்கும் உள்ள தொடர்பு இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. 1672 முதல் 1677 வரை ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கையிற் பணியாற்றிய போல் ஹேர்மன் சேகரித்த உலர் தாவரங்கள் பல கைகள் மாறி லின்னேயஸை வந்தடைந்தன. அவற்றை ஆராய்ந்து 1747 இல் அவர் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். எமது வைத்தியர்கள் கொடிவேலி எனவும் சித்திரமூலம் எனவும் அழைக்கும் செடிக்கு 'பிளம்பாகோ செய்லானிகா' என்ற பெயர் அமைந்ததும், எமது தீவின் பெயர் அதில் நிலைத்ததும் இவ்வழியிலேயே. லின்னேயஸ் இலங்கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. உலகின் பல மூலைகளுக்கும் சென்ற அவரது மாணவர்களே அவருக்குக் கண்களாகவும் கைகளாகவும் விளங்கினர்.

அவ்வாறு சென்றவர்களுள் சிலர் உயிரோடு திரும்பவில்லை. அரேபியாவுக்குச் சென்ற பீற்றர் போர்ஸ்கோல் 1763 இல் யெமனில் இறந்தார். செங்கடலின் மீன்களுக்கு அரபு மீனவர் வழங்கிய பெயர்களையே அவர் அறிவியற் பெயர்களாகப் பதிந்து வைத்தமையால், 'அபுடெப்டப்' போன்ற அரபுச் சொற்கள் இன்றும் மீனியலில் வழங்குகின்றன.

கோனிக் 1759 முதல் 1767 வரை டென்மார்க்கில் வாழ்ந்தார். அக்காலப்பகுதியில் ஐஸ்லாந்துக்குச் சென்று அத்தீவின் தாவரங்களை ஆராய்ந்தார். அங்கு அவர் கண்ட, சில சென்ரிமீற்றர் உயரமே வளரும் சிறு செடியொன்றுக்கு 1767 இல் லின்னேயஸ் 'கோனிகியா ஐஸ்லாண்டிகா' என்று பெயரிட்டு மாணவரைக் கௌரவித்தார். பனிபடர்ந்த நிலத்தின் சிறு செடியும் வெப்ப நாட்டின் கறிவேப்பிலையும் ஒரே மனிதரின் பெயரைச் சுமப்பது இவ்வாறுதான் நேர்ந்தது.

1767 இல் கோனிக் தரங்கம்பாடி மிஷனின் வைத்தியராக நியமிக்கப்பட்டுக் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனை வழியாகப் பயணம் செய்து 1768 இல் தரங்கம்பாடியை அடைந்தார். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கும் அச்சிறு துறைமுகம் 1620 முதல் டேனியரின் ஆட்சியில் இருந்துவந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணம் அப்போது ஒல்லாந்தரிடம் இருந்தது. இரு கரைகளுக்குமிடையே தோணிகள் ஓடின. தமிழ் வணிகரும் மரக்காயர்களும் பொருள்களைக் கொண்டுவருவதும் கொண்டுசெல்வதுமாக இருந்தனர். கோனிக் ஆராயத் தொடங்கிய கரையின் பல மரஞ்செடிகள் எமது குடாநாட்டிலும் வளர்பவை. பனை, வேம்பு, புளி, பூவரசு, முருங்கை என்று எமக்குப் பழகிய மரங்களிடையே அவர் நடந்தார்.

பகலில் நோயாளரைப் பார்ப்பதும் ஓய்வு நேரத்திற் செடிகளைச் சேகரிப்பதும் உலர்த்துவதும் விவரணம் எழுதுவதுமாக அவரது நாட்கள் கழிந்தன. சேகரித்தவற்றைக் கப்பல்கள் மூலம் உப்சாலாவுக்கு அனுப்பினார். 1771 இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் இவற்றுட் பல இடம்பெற்றன. அந்நூலிலேயே கறிவேப்பிலை 'பெர்கேரா கோனிகி' என்ற பெயரில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. டேனிய வைத்திய அறிஞர் ஒருவரின் நினைவாகப் பேரினத்துக்கு பெர்கேரா என்று பெயர் அமைந்தது. கோனிகி என்பது செடியை அனுப்பியவருக்கான நன்றியாக அமைந்தது.

கறிவேப்பிலை எவ்வாறு வகைப்படுத்தப்பட்டது என்பது சுவையான செய்தி. எமது முன்னோர் அதன் இலையைப் பார்த்தனர். வேம்பின் இலையை ஒத்திருந்தமையாலும் கறிக்கு உதவியமையாலும் கறிவேம்பு என்றனர். லின்னேயஸின் வழிவந்தவர்கள் பூவைப் பார்த்தனர். அதில் பத்துக் கேசரங்களும் ஒரு சூல்தண்டும் இருந்தன. பிற்காலத்தவர் காயின் அமைப்பையும் இலையில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளையும் ஆராய்ந்து, அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, எலுமிச்சை, தோடை, வில்வம், விளாத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டனர். கறிவேப்பிலையையும் தேசிக்காய் இலையையும் கசக்கி முகர்ந்து பார்ப்போருக்கு இந்த உறவு வியப்பளிக்காது. அதேவேளை, நெல்லியும் கீழ்க்காய்நெல்லியும் உறவுடையவை என்று பெயரிலேயே காட்டிய எமது முன்னோரின் கணிப்புத் தவறவில்லை. ஒன்று மரம், மற்றையது முழங்காலளவு பூண்டு. எனினும் தாவரவியலாளரும் நெடுங்காலமாக அவை இரண்டையும் ஒரே பேரினத்திலேயே வைத்துவந்துள்ளனர்.

மிஷனின் வருமானம் கோனிக்கின் ஆய்வுப் பயணங்களுக்குப் போதவில்லை. உள்நாட்டு மூலிகைகள் பற்றிய ஆய்வுக்காக 1773 இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1774 இல் அவர் ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் சேவையில் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். ஐரோப்பியக் கல்விபெற்ற ஒரு தாவரவியலாளர் இஸ்லாமிய அரசரொருவரின் ஆதரவில் தமிழ் நிலத்தின் தாவரங்களை ஆராய்ந்தார் என்பது நாம் மறந்துவிடக் கூடாத செய்தியாகும். இத்தகைய ஆதரவுக்கு நீண்ட மரபு உண்டு. 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பானிய முஸ்லிம் அறிஞர் இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை அகரவரிசைப்படுத்தி, அவற்றுக்குப் பல மொழிகளில் வழங்கிய பெயர்களையும் தொகுத்துத் தந்தவர். ஒரு செடி பல பெயர்களாற் குழம்பிப் போகக் கூடாது என்ற கவலை லின்னேயஸுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரபு மருத்துவ உலகில் இருந்தது.

நவாபின் ஆதரவு கோனிக்குக்குப் பயணம் செய்யும் வாய்ப்பைத் தந்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள மலைகளுக்குச் சென்றார். இலங்கைக்கும் வந்து தாவரங்களை ஆராய்ந்தார். அவர் செடிகளோடு மட்டும் நின்றவரல்லர். அவர் அனுப்பிய பூச்சிகளை லின்னேயஸின் மற்றொரு மாணவரான பப்ரீசியஸ் விவரித்துப் பெயரிட்டார். பருத்திச் செடியிற் காணப்படும் சிவப்பு நிறப் பூச்சியும் 'கோனிகி' என்ற பெயரையே கொண்டுள்ளது. கறையான் புற்றுகளை அகழ்ந்து ஆராய்ந்து 1779 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கறையான்களின் வாழ்க்கை பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஈசல்களைக் கிராம மக்கள் பிடித்து உணவாக்கும் முறையையும் அவர் அதில் எழுதிவைத்தார்.

1778 இல் அவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவைக்கு மாறினார். அதே ஆண்டு சியாம் நாட்டுக்கும் மலாக்கா நீரிணைக்கும் புறப்பட்டு, 1780 வரை அப்பகுதிகளில் ஆய்வு செய்தார். இஞ்சி, மஞ்சள் குடும்பத் தாவரங்களைப் பற்றி அவர் அங்கு எழுதிய விவரணங்கள் இன்றும் அத்துறை ஆய்வாளரின் மேசையில் உள்ளன. உலர்த்தினால் அவற்றின் மென்மையான பூக்கள் உருவிழந்து போய்விடும். ஆகவே செடி நின்ற இடத்திலேயே அமர்ந்து பூவின் ஒவ்வோர் உறுப்பையும் எழுத்திற் பதிந்தார். ஒரு தாவரத்துக்குப் பெயரிடுவது அறையினுள் இருந்து ஒரு சொல்லை உருவாக்கும் வேலையன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1782 இல் தரங்கம்பாடிக்கு வந்த வைத்தியர் பற்றிக் ரசல் அவருக்கு நண்பரானார். 1784 இல் விசாகப்பட்டினத்தில் ரசலைச் சந்தித்த பின்னர் கல்கத்தாவரை செல்லும் எண்ணம் கோனிக்குக்கு இருந்தது. ஆயினும் வயிற்றுளைவு நோய் அவரைப் பீடித்தது. அருகில் சாமல்கோட்டையிற் பணியாற்றிய இளம் வைத்தியர் வில்லியம் ரொக்ஸ்பேர்க் அவருக்குச் சிகிச்சையளித்தார். 1785 ஜூன் 26 ஆம் திகதி, காக்கிநாடாவை அண்டிய ஜகன்னாதபுரத்தில் கோனிக் காலமானார். வயது 56. தமது கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் இருந்த சேர் ஜோசப் பாங்க்ஸுக்குச் சேருமாறு எழுதிவைத்திருந்தார். பெருஞ்செல்வம் எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை.

அவர் விட்டுச்சென்றது ஒரு மாணவர் பரம்பரையை. அவருக்குச் சிகிச்சையளித்த ரொக்ஸ்பேர்க் பின்னாளில் இந்தியத் தாவரவியலின் தந்தை என்று போற்றப்பட்டார். 1776 இல் தரங்கம்பாடிக்கு வந்து தாவரவியலில் ஈடுபட்ட ரொட்லர், 1795 - 1796 காலப்பகுதியில் இலங்கைக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். அதே ரொட்லர்தான் பெரியதொரு தமிழ் - ஆங்கில அகராதியையும் தொகுத்தவர் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். செடிகளின் பெயரும் மொழியின் சொல்லும் ஒரே கையாற் பேணப்பட்டமை தற்செயலானதன்று.

கோனிக்கின் உழைப்பைப் போற்றும் அதேவேளை, ஒரு வினாவை நாம் எழுப்பாமல் இருக்க முடியாது. கறிவேப்பிலையை அவர் கண்டுபிடித்தாரா? இல்லை. பல நூற்றாண்டுகளாக எமது அடுப்படியில் இருந்த இலை அது. அவருக்குச் செடிகளைக் காட்டியவர்கள், அவற்றின் குணத்தைச் சொன்னவர்கள், காட்டு வழியில் முன்னே நடந்தவர்கள் இந்த மண்ணின் மக்களே. அவர்களில் ஒருவரது பெயரேனும் அத்தாவரங்களின் அறிவியற் பெயர்களில் இல்லை. இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற நூலில், தகவல் தந்த கேரள வைத்தியர் இட்டி அச்சுதனதும் கொங்கணி வைத்தியர் மூவரதும் பெயர்கள் முறையாகப் பதியப்பட்டுள்ளன. மண்ணின் சொற்கள் சிலவும் இத்தகைய நூல்களின் வழியே அறிவியலுக்குள் புகுந்தன. முருங்கைக்கு வழங்கும் 'மொரிங்கா' என்ற பேரினப் பெயரில் எமது சொல்லே ஒலிக்கின்றது.

எமது மரபில் வகைப்பாட்டுச் சிந்தனை இருக்கவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது தொல்காப்பியம். வெளிப்புறம் வைரமாக இருப்பவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரமாக இருப்பவற்றை மரம் என்றும் அது பிரிக்கின்றது. அதன்படி பனையும் தென்னையும் புல்லின் பாற்படும். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புற்கள் அடங்கிய ஒருவித்திலைத் தாவரங்களுடனேயே சேர்க்கின்றது. நாம் குறைவுபட்டது அறிவில் அன்று. அதைத் தொடர்ந்து பதிந்து, சரிபார்த்து, திருத்திச் செல்லும் நடைமுறையிலேயே குறைவுபட்டோம்.

திருத்திச் செல்லுதல் என்பதற்குக் கறிவேப்பிலையே எடுத்துக்காட்டு. 1825 இல் அது பெர்கேராவிலிருந்து முராயா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அண்மைக்கால மரபணு ஆய்வுகளின் பின்னர் தாவரவியலாளர் பலர் அதனை மீண்டும் பெர்கேராவுக்கே கொண்டுசென்றுள்ளனர். முதற்பெயர் மாறினும் கோனிகி என்ற இரண்டாம் சொல் மாறவில்லை. முதலில் முறைப்படி வெளியிடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்ற சர்வதேச விதியே அதற்குக் காரணம். ஆயினும் விதிகளும் கல்லில் எழுதப்பட்டவையல்ல. 2012 முதல் புதிய தாவரங்களின் விவரணத்தை இலத்தீனில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் எழுதலாம். 2024 இல் மட்ரிட் நகரிற் கூடிய தாவரவியலாளர்கள், ஆபிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லடங்கிய ஏறத்தாழ 200 பெயர்களை மாற்றத் தீர்மானித்தனர். பெயரில் மனித மாண்பும் அடங்கியுள்ளது என்பதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டு வருகின்றது.

இந்நிலையில் குடாநாட்டின் நிலைமையை எண்ணிப் பார்த்தல் தகும். செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற மருத்துவ நூல்களைத் தந்த மண் இது. 1981 இல் யாழ் நூலகத்தோடு எரிந்த ஏட்டுச்சுவடிகளில் என்னென்ன மூலிகைப் பெயர்கள் இருந்தனவென்று இனி எவராலும் சொல்ல முடியாது. 1990 இல் வடபுலத்து முஸ்லிம்கள் தமது வளவுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1995 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். ஒரு குடும்பம் தன் வளவை இழக்கும்போது, வேலியோரத்துச் செடியின் பெயரும் பயனும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் வாய்ப்பையும் இழக்கின்றது. புத்தளத்திலும் கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் பிறந்த எமது பிள்ளைகளுக்கு முசுட்டையும் முடக்கொத்தானும் வெறும் சொற்களாகிவிட்டன. சிலருக்கு அச்சொற்களும் இல்லை.

1893 முதல் 1900 வரை வெளிவந்த ஹென்றி டிரைமனின் இலங்கைத் தாவரவியற் கைந்நூலில் இலத்தீன் பெயர்களுடன் சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டுள்ளன. அப்பணியை எமது ஊர்கள் தோறும் தொடர்வது இன்று கடினமானதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பிக்கப்படுகின்றது. கைதடியிற் சித்த மருத்துவம் பயிலப்படுகின்றது. முதியோர் சிலரேனும் எஞ்சியிருக்கின்றனர். ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலிலுள்ள செடிகளை உலர்த்தி ஒட்டி, ஊர்ப்பெயர், பயன், அறிவியற் பெயர் ஆகியவற்றுடன், அத்தகவலைத் தந்த முதியவரின் பெயரையும் எழுதிவைக்குமாயின் அதுவே பெருந்தொண்டாகும். தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது.

எங்கோ பிறந்த கோனிக் எமது கரைக்கு வந்து, செடியருகில் அமர்ந்து, பார்த்ததைப் பார்த்தவாறே எழுதினார். அதனாலேயே அவர் பெயர் நிலைத்தது. அந்தச் செடிகளோடு பிறந்து வளர்ந்த நாம் எழுதாதிருப்போமாயின், எமது பெயர்கள் அழிந்தமைக்குப் பிறரைக் குறைகூறும் உரிமை எமக்கு இராது.